55 அங்குல டிவி: கடையில் படத் தரத்தை எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது?

பொருநைக்கரையான்:

அனைவருக்கும் வணக்கம்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் பதினோரு ஆண்டுகளாக ஓடிய 32 அங்குல டிவி சென்ற மாதம் ஓய்ந்துவிட்டது. முதலில் திரையின் இடப்பக்கம் ஒரு பட்டை இருண்டது. பிறகு படம் முழுவதும் போய், ஒலி மட்டும் கேட்கத் தொடங்கியது. அதற்குப் பதிலாக 55 அங்குலத்தில் ஒன்று வாங்கலாம் என்று 60,000 ரூபாய் ஒதுக்கி, இரண்டு வாரங்களாகக் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு கடையிலும் என் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

சுவர் முழுக்க இருபதுக்கும் மேற்பட்ட திரைகள் ஒளிர்கின்றன. பனித்துளி படிந்த பூ, பல வண்ணக் கிளி, இரவில் மின்னும் நகரம் என்று எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான காட்சிகள்தாம் ஓடுகின்றன. எதன் முன்னால் நின்றாலும் அதுவே சிறந்தது என்று தோன்றுகிறது. அடுத்ததற்கு நகர்ந்த உடனே முந்தையது மங்கல் என்று தோன்றிவிடுகிறது. விற்பனையாளர்கள் க்யூஎல்இடி, மினி எல்இடி, ஹெச்டிஆர் என்று சொல்லிக்கொண்டே போகிறார்களே தவிர, அவற்றால் எங்கள் வீட்டில் என்ன வேறுபாடு தெரியும் என்று கேட்டால் மறுபடியும் அந்தக் கிளியைத்தான் காட்டுகிறார்கள்.

எங்கள் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். கூடம் 16 அடிக்கு 12 அடி. சோபாவிலிருந்து திரைக்கு 9 அடி தொலைவு. டிவி வைக்கும் சுவருக்கு நேர் எதிரே மேற்கு பார்த்த பெரிய ஜன்னல் இருப்பதால், மாலை நான்கு மணிக்கு மேல் வெயில் திரையிலேயே விழுகிறது. அப்பா காலை ஆறு மணிக்கே செய்தி அலைவரிசையை வைத்துவிடுவார். அம்மா அடுப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால், சமையலறை வாசலருகே நாற்காலி போட்டு, நன்றாகப் பக்கவாட்டிலிருந்துதான் தொடர்களைப் பார்ப்பார். இவை எல்லாம் கேபிள் செட்டாப் பாக்ஸ் வழியாக வருபவை. பெரும்பாலும் ஹெச்டி அல்லாத அலைவரிசைகள். கிரிக்கெட் அனைவருக்கும் உண்டு. இரவு பத்து மணிக்குப் பிறகு நானும் மனைவியும் ஓடிடியில் படம் பார்ப்போம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு வலக்கண்ணில் கண்புரை அறுவை முடிந்துவிட்டது. இடக்கண்ணுக்கு இன்னும் செய்யவில்லை. ஒரு கண்ணில் வெள்ளை வேட்டி வெள்ளையாகவும், மறுகண்ணில் பழைய காகிதம் போல மஞ்சளாகவும் தெரிவதாகச் சொல்கிறார்.

இந்த வீட்டுக்குப் பொருத்தமான படம் எது என்பதைக் கடையில் நின்றுகொண்டு எப்படி அறிவது? 9 அடி தொலைவில் 4கே என்பதால் பயன் உண்டா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கோவை மின்பணியாளர்:

வணக்கம் நண்பரே. டிவி பழுதுநீக்கும் தொழிலில் 22 ஆண்டுகளாக இருக்கிறேன். விலையை மட்டும் எழுதிவிட்டு எதை வாங்குவது என்று கேட்பவர்களே மிகுதி. யார் எங்கே உட்கார்ந்து எதைப் பார்க்கிறார்கள் என்று நீங்கள் எழுதியதால் பதில் சொல்வது எளிதாகிறது.

முதலில் புள்ளிக் கணக்கைப் பார்ப்போம். ஹெச்டி அல்லாத நம் அலைவரிசைகளின் படம் அதிக அளவாக 720க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள். 4கே திரையில் இருப்பவை 3840க்கு 2160, அதாவது 82,94,400 புள்ளிகள். சரியாக இருபது மடங்கு. அப்பா பார்க்கும் செய்தியில் வரும் ஒவ்வொரு புள்ளிக்கும் மீதிப் பத்தொன்பதை டிவிக்குள் இருக்கும் சிப் ஊகித்து நிரப்ப வேண்டும். இந்த ஊகத்தை நன்றாகச் செய்யும் பெட்டியில் முகம் முகமாக இருக்கும்; மோசமாகச் செய்யும் பெட்டியில் மூக்கும் கன்னமும் மெழுகு பூசியது போலாகி, எழுத்துகளைச் சுற்றிக் கொசு மொய்ப்பது போல ஒரு நடுக்கம் தெரியும். உங்கள் வீட்டில் ஒரு நாளில் பத்து மணி நேரம் திரையில் இருக்கப்போவது இந்தப் படம்தான். கடைக்காரர் காட்டும் கிளியோ 4கேவில் எடுத்து 4கேவிலேயே ஓடுவதால், ஊகிக்கும் வேலையே அங்கே இல்லை; எந்தப் பெட்டியிலும் அது அழகாகத்தான் இருக்கும்.

ஆகவே கடைக்குப் போனதும் செட்டாப் பாக்ஸ் இணைத்த பெட்டி எது என்று கேட்டு, அதில் ஹெச்டி அல்லாத ஒரு தமிழ்ச் செய்தி அலைவரிசையை வைக்கச் சொல்லுங்கள். பிறகு, நீங்கள் தேர்ந்துவைத்த பெட்டிகளுக்கு அதே பாக்ஸை மாற்றி மாற்றி இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். திரையின் அடியில் ஓடும் எழுத்துப்பட்டையைப் பாருங்கள். 'க்', 'ற்' போன்ற எழுத்துகளின் மேலுள்ள புள்ளி தனியாக நிற்கிறதா, ஓடும்போது கோடாக இழுபடுகிறதா, எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறதா என்று கவனியுங்கள். அந்தச் சிறு புள்ளியைக் காப்பாற்றத் தெரிந்த டிவிக்கு மற்றதெல்லாம் பெரும்பாலும் தெரிந்திருக்கும் என்பது என் அனுபவம். நான் வாடிக்கையாளர்களுடன் கடைக்குப் போனால் முதலில் செய்யும் சோதனை இதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் நாட்டு ஒளிபரப்பில் படம் நொடிக்கு 50 முறை மாறும் கணக்கில் வருகிறது. செட்டாப் பாக்ஸின் மெனுவில் வெளியீட்டை யாராவது 60 என்று மாற்றியிருந்தால், நொடிக்குப் பத்து முறை படம் இடறும். ஓடும் எழுத்து தத்தித் தத்திப் போகும். அது டிவியின் குறை அன்று. வீட்டிலும் இதைச் சரிபாருங்கள். பாக்ஸை மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட பழைய ஏவி வயரில் இணைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு ஹெச்டிஎம்ஐ வயரில் இணையுங்கள். புதிய டிவி மங்கலாக இருக்கிறது என்று என்னை அழைத்த வீடுகள் பலவற்றில் நான் மாற்றியது அந்த ஒரு வயரை மட்டும்தான்.

தொலைவைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவுக்கு விலகிய இரண்டு புள்ளிகளைப் பிரித்தறியும் என்பது பொதுக் கணக்கு. 55 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 122 சென்டிமீட்டர். அதில் முழு ஹெச்டியின் (1920க்கு 1080 புள்ளிகள்) ஒரு புள்ளி 0.63 மில்லிமீட்டர் வரும். ஏழு அடிக்குச் சற்று மேல் விலகினாலே அந்தப் புள்ளிகள் கண்ணுக்கு ஒன்றாகிவிடும். எனவே 9 அடியில் உட்கார்ந்து பார்க்கும்போது, நல்ல முழு ஹெச்டிப் படத்துக்கும் 4கே படத்துக்கும் கூர்மையில் பெரிய வேறுபாடு தெரியாது. இந்த அளவில் விற்பவை ஏறத்தாழ எல்லாமே 4கே என்பதால் அதைத் தவிர்க்கவும் முடியாது, அதற்காகக் கூடுதலாகச் செலவிடவும் தேவையில்லை. 65 அங்குலம் வாங்கினால், திரைப்படத்துக்கு ஏற்றது என்று பரிந்துரைக்கப்படும் 30 பாகைக் காட்சிப்பரப்பு உங்கள் 9 அடியில் ஏறத்தாழக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் கேபிள் படத்தின் குறைகளும் அதே அளவுக்குப் பெரிதாகும் என்பதால், உங்கள் வீட்டுக்கு 55 போதும் என்பேன்.

அடுத்தது அம்மாவின் நாற்காலி. எல்சிடி பேனல்களில் பெருவழக்காக இருப்பவை இரண்டு: விஏ, ஐபிஎஸ். விஏ பேனலில் கறுப்பு நன்றாகக் கறுப்பாக இருக்கும். அதன் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், பெரும்பாலும் 3000க்கு ஒன்று என்ற அளவிலிருந்து மேலே போகும். ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளுத்துவிடும். ஐபிஎஸ் பேனலில் கான்ட்ராஸ்ட் 1000க்கு ஒன்று என்ற அளவிலேயே நிற்பதால், இருட்டில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். ஆனால் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. எந்தப் பேனல் என்பதை நிறுவனங்கள் பெட்டியின் மேல் அச்சிடுவதில்லை. ஒரே வரிசையில் 43 அங்குலத்தில் ஒரு வகையும் 55 அங்குலத்தில் வேறு வகையும் இருக்கலாம் என்பதால், இணையத்தில் வேறொரு அளவுக்கு எழுதிய மதிப்புரையை நம்பி முடிவெடுக்காதீர்கள். கடையில் ஒரு முகத்தை நிறுத்திவைக்கச் சொல்லி, அம்மா உட்காரும் அதே கோணத்துக்கு நடந்துபோய் நின்று பாருங்கள்; விடை கண்முன் தெரியும்.

க்யூஎல்இடி என்பதும் எல்சிடிதான். நீல நிற எல்இடி விளக்குக்கு முன்னால் குவாண்டம் டாட் எனப்படும் நுண்துகள்கள் கலந்த ஒரு படலம் இருக்கும். அது தூய சிவப்பையும் பச்சையையும் தருவதால் நிறங்கள் செழிக்கின்றன. (2023ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு இந்தக் குவாண்டம் டாட் ஆராய்ச்சிக்குத்தான் வழங்கப்பட்டது.) மினி எல்இடி என்பது பின்விளக்கைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, இருண்ட இடத்தில் மட்டும் அணைக்கும் முறை. பகுதிகள் கூடுதலாக இருந்தால் நன்று. குறைவாக இருந்தால், கறுப்புக் காட்சியில் வெள்ளைத் துணையெழுத்து வரும்போது அதைச் சுற்றிப் புகைபோல ஒளி கசியும்.

ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி உங்கள் தொகைக்குள் வராது. வந்தாலும், நாள் முழுவதும் செய்தி அலைவரிசையின் முத்திரையும் சிவப்புப் பட்டையும் ஒரே இடத்தில் நிற்கும் வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அந்தத் தடம் நாளடைவில் திரையில் நிலைத்துவிடும் வாய்ப்பு உண்டு.

கிரிக்கெட்டுக்கு ஒரு சோதனை. பந்து எல்லைக்கோட்டை நோக்கி ஓடும்போது கேமரா புல்வெளியின் மேல் நகரும் அல்லவா, அப்போது பந்தைப் பார்க்காமல் புல்லைப் பாருங்கள். பச்சை ஒரே சீராக நகர வேண்டும். அழுக்குத் துணியால் துடைத்த கண்ணாடி போலத் திட்டுத்திட்டாகவோ, நெடுங்கோடுகளாகவோ நிழல் தெரிந்தால், அந்தப் பேனலின் ஒளிப்பரவல் சீராக இல்லை என்று பொருள். இது ஒவ்வொரு பெட்டிக்கும் மாறுபடும். ஒரே மாடலில் ஒன்று நன்றாகவும் மற்றொன்று திட்டாகவும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வண்ணச்சீர்:

சென்னையில் திரைப்படங்களுக்கு வண்ணச் சீரமைப்புச் செய்யும் பணியில் இருக்கிறேன். கோவை நண்பர் சொன்னவற்றோடு, நிறத்தைப் பற்றி மட்டும் சேர்க்க விரும்புகிறேன். படத் தரம் என்று மக்கள் பேசுவதில் மிகப் பெரிய தவறு அங்கேதான் நடக்கிறது.

கடையில் எல்லாப் பெட்டிகளும் 'விவிட்' போன்ற பெயருள்ள பயன்முறையில் இருக்கும். அதில் வெளிச்சம் உச்சத்தில் இருக்கும், நிறங்கள் ஊதப்பட்டிருக்கும், வெள்ளை நீலம் பாய்ந்திருக்கும். நாங்கள் ஒரு காட்சியைச் சீரமைக்கும்போது, மங்கலான அறையில், வெள்ளையை 6500 கெல்வின் (இந்த எண் கூடக் கூட வெள்ளை நீலம் பாயும்) என்ற அளவில் வைத்த திரையைப் பார்த்துத்தான் வேலை செய்கிறோம். சாதாரணப் படத்துக்கு அந்தத் திரையின் உச்ச வெளிச்சம் 100 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு). ஒளியையும் இருளையும் கூடுதல் வீச்சில் காட்டும் ஹெச்டிஆர் படத்துக்குப் பெரும்பாலும் 1000 நிட்ஸ். விவிட் முறையில் வெள்ளை 10,000 கெல்வினை ஒட்டிப் போய்விடுகிறது. குழல்விளக்குகள் நிறைந்த கடையில் அதுதான் பளிச்சென்று தெரியும் என்பதால் கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன்; ஆனால் அந்த நிலையில் இரண்டு பெட்டிகளை ஒப்பிடுவது, முகப்பூச்சோடு இரண்டு பேரின் நிறத்தை ஒப்பிடுவது போன்றது.

ஆகவே ரிமோட்டைக் கேட்டு வாங்கி, 'சினிமா', 'மூவி' அல்லது 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்பதற்கு மாற்றுங்கள். கடைசியாகச் சொன்னது, 2019ஆம் ஆண்டில் திரைப்பட இயக்குநர்களும் டிவி நிறுவனங்களும் சேர்ந்து கொண்டுவந்தது. டிவி தன் விருப்பப்படி எதையும் கூட்டாமல் குறைக்காமல், படம் எடுத்தவர் வைத்ததை வைத்தபடி காட்டும். மாற்றிய உடனே படம் மஞ்சளாகவும் மங்கலாகவும் தோன்றும். சுற்றியுள்ள பெட்டிகளின் நீலத்துக்கு உங்கள் கண் பழகியிருப்பதால் வரும் தோற்றம் அது. வீட்டில் மூன்று நாட்கள் பார்த்துவிட்டு விவிட் முறைக்குத் திரும்பினால், அந்த நீலம்தான் கண்ணை உறுத்தும்.

எந்தக் காட்சியை வைத்துச் சோதிப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. உங்களுக்கு நேரில் தெரிந்த முகங்களும் துணிகளும் இருக்கும் காணொளியை எடுத்துச் செல்லுங்கள். கடையில் காட்டும் கிளியின் உண்மை நிறம் என்ன என்று நம்மில் யாருக்கும் தெரியாது. வீட்டுத் திருமணக் காணொளியில் வரும் அத்தையின் முகமும் அம்மாவின் பட்டும் நமக்குத் தெரியும். பழுப்புத் தோலைச் சரியாகக் காட்டுவது எளிதன்று. நிறத்தை ஊதிய முறையில் நம் முகங்கள் செங்கல் நிறத்துக்குப் போகும். கறுப்புத் தலைமுடி இழைகள் தெரியாமல் ஒரே மையாக உறைந்துவிடும். அரக்குப் பட்டில் சரிகை தனி இழைகளாக மின்னுகிறதா, அல்லது மஞ்சள் பட்டையாகிவிட்டதா என்று பாருங்கள். அந்தக் காணொளியைப் பென்டிரைவில் போட்டு எடுத்துச் சென்றால், எந்தக் கடையிலும் மறுக்க மாட்டார்கள்.

ஹெச்டிஆர் பற்றி ஒரு சொல். பெட்டியில் ஹெச்டிஆர் என்று எழுதியிருந்தால், அந்தச் சமிக்ஞையை அது ஏற்கும் என்பது மட்டுமே உறுதி. 250, 300 நிட்ஸ் வெளிச்சமே தரக்கூடிய திரையில் 1000 நிட்ஸுக்கு எடுத்த காட்சியை அடக்கும்போது, இருண்ட காட்சிகள் சாதாரணப் படத்தைவிட மங்கலாகவே தெரியும். டால்பி விஷன் இருந்தால் காட்சிக்குக் காட்சி ஒளியளவைப் பற்றிய குறிப்பு கூடவே வருவதால் ஓரளவு சமாளிக்கும். சாம்சங் பெட்டிகளில் டால்பி விஷனுக்குப் பதில் ஹெச்டிஆர்10 பிளஸ் இருக்கும்.

திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்). நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் 24 சமமாக வகுபடாது. ஒரு சட்டம் இருமுறை, அடுத்தது மும்முறை என்று காட்டுவதால் மெதுவான கேமரா நகர்வில் சிறு திணறல் தெரியும். 120 என்றால் ஒவ்வொரு சட்டத்துக்கும் ஐந்து முறை என்று சரியாக அமையும். இதை மறைக்க, இல்லாத சட்டங்களை டிவியே உருவாக்கிச் செருகும் ஒரு வசதி உண்டு. சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன் என்று பெயர். கிரிக்கெட்டுக்குக் குறைந்த அளவில் வைத்துக்கொள்ளலாம். திரைப்படத்துக்குத் தயவுசெய்து அணைத்துவிடுங்கள். மாதக்கணக்கில் உழைத்து ஒளியமைத்த காட்சி, வீட்டு விசேஷத்தில் கைக்கேமராவில் எடுத்தது போல ஆகிவிடுகிறது.

உங்கள் தந்தையைப் பற்றி. வயதாக ஆகக் கண்ணின் இயற்கை வில்லை மஞ்சளித்து நீல ஒளியைத் தடுக்கும். செயற்கை வில்லை பொருத்திய கண்ணுக்கு அந்த நீலம் திரும்பக் கிடைப்பதால்தான் வேட்டி வெள்ளையாகத் தெரிகிறது. இடக்கண் அறுவையும் முடியும்வரை நிற அமைப்பை அவருக்காக மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். வெளிச்சத்தை மட்டும் அவர் கண் கூசாத அளவுக்கு அமைத்துக் கொடுங்கள். மாலையில் டிவிக்குப் பின்னால் சுவரில் விழும்படி ஒரு சிறு வெள்ளை விளக்கை எரிய விட்டால் கூச்சம் பெரிதும் குறையும்.

சிங்கைவாசி:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். நான்கு ஆண்டுகளாக ஓஎல்இடி வைத்திருக்கிறேன்; இதுவரை திரையில் எந்தத் தடமும் விழவில்லை. விளக்கை அணைத்துவிட்டு இரவுக் காட்சி ஒன்றைப் பார்க்கும்போது, திரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாத அந்தக் கறுப்பை எல்சிடி எதிலும் நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைவதால் கிடைக்கும் கறுப்பு அது.

ஆயினும் கோவை அண்ணன் சொன்னதை மறுக்க மாட்டேன். எங்கள் வீட்டில் செய்தி அரை மணி நேரம் ஓடினால் அதிகம். ரிட்டிங்ஸ் என்ற கனடாச் சோதனைத் தளம், 2018ஆம் ஆண்டில் ஆறு ஓஎல்இடி பெட்டிகளை நாளுக்கு 20 மணி நேரம் ஓடவிட்டுத் தொடர்ந்து படம் எடுத்து வெளியிட்டது. சி.என்.என். செய்தி உச்ச வெளிச்சத்தில் ஓடிய பெட்டியில் தடம் தெளிவாகவே விழுந்தது. காலை ஆறு மணிக்குச் செய்தி தொடங்கும் உங்கள் வீட்டுக்கு அது வேண்டாம். கண்ணாடி போன்ற பளபளப்புத் திரை என்பதால் மேற்கு ஜன்னலும் அதற்கு எதிரிதான்.

ஜன்னல் பற்றி யாரும் சொல்லாத ஒன்று: கடையில் பெட்டியை அணைக்கச் சொல்லிவிட்டு, கறுத்த திரையில் மேலேயுள்ள விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். கூர்மையாகத் தெரிந்தால் மாலையில் உங்கள் ஜன்னலும் அப்படியே தெரியும். பரவலாகக் கலங்கித் தெரிந்தால் தாங்கிக்கொள்ளலாம்.

வைகைவாசகன்:

விலை பற்றிச் சுருக்கமாக. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. வரிக்கு முன் 50,000 ரூபாய் என்றால், முன்பு 64,000 கொடுத்திருப்போம், இப்போது 59,000. பழைய மதிப்புரைகளில் உள்ள விலையோடு ஒப்பிட்டு, கடைக்காரர் ஐயாயிரம் தள்ளுபடி தந்ததாக நினைத்துவிடாதீர்கள். அது வரியில் குறைந்த தொகை.

பொருநைக்கரையான்:

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடியே, கூட்டம் இல்லாத வேலைநாள் ஒன்றில் முற்பகல் பதினோரு மணிக்கு, அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். தம்பியின் திருமணக் காணொளியில் முகூர்த்தப் பகுதியை மட்டும் வெட்டிப் பென்டிரைவில் வைத்திருந்தேன். அம்மா அன்று அரக்கு நிறத்தில் இலைப்பச்சைக் கரை போட்ட பட்டு உடுத்தியிருந்தார்.

கடையின் நடுவில் வைத்திருந்த, எங்கள் தொகையைவிட விலை கூடிய பெட்டியில் முதலில் அதை ஓட்டினார்கள். படம் கண்ணைப் பறித்தது. நான் வியந்து நிற்கையில், அம்மா இரண்டடி முன்னால் போய், "இது என் சேலை இல்லையே, இவ்வளவு சிவப்பா நான் எடுக்கவே மாட்டேனே" என்றார். ரிமோட்டை வாங்கி சினிமா முறைக்கு மாற்றினேன். ஒரு கணம் எல்லாம் வாடியது போல இருந்தது. பிறகு அரக்கு அரக்காக வந்தது, கரையில் சரிகை இழை இழையாகப் பிரிந்து தெரிந்தது, அம்மா கொண்டையில் வைத்திருந்த பூவுக்கும் முடிக்கும் நடுவே நிழல் விழுந்திருப்பதும் தெரிந்தது. "இதுதான்" என்றார். கடைத் தம்பியும் அருகில் வந்து நின்று பார்த்துவிட்டு, அடுத்தடுத்த பெட்டிகளைத் தானாகவே அந்த முறைக்கு மாற்றிக் கொடுத்தார்.

கடைசியில் எங்கள் தொகைக்குள் இரண்டு நின்றன. ஒன்று மினி எல்இடி. நேராகப் பார்க்கையில் கறுப்பும் வெளிச்சமும் அதில்தான் சிறப்பு. இரவுப் படத்துக்கு என் மனம் அதையே நாடியது. ஆனால் அம்மாவை அவர் வீட்டில் உட்காரும் கோணத்தில் நிற்கவைத்துப் பார்க்கச் சொன்னபோது, முகங்கள் பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டதாகச் சொன்னார். மற்றொன்று சாதாரண க்யூஎல்இடி. கறுப்பு சற்றுச் சாம்பல். பக்கத்திலிருந்து பார்த்தாலும் முகம் மாறவில்லை. செய்தி அலைவரிசையை வைத்து எழுத்துப்பட்டையைப் பார்த்ததில், இரண்டாவதில் புள்ளிகள் தெளிவாகப் பிரிந்தே ஓடின. மினி எல்இடியில் வேகமாக ஓடும்போது எழுத்தோடு ஒட்டிக்கொண்டன. விளக்கின் பிம்பம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

பகல் முழுவதும் அப்பாவும் அம்மாவும்தான் அதன் முன்னால் இருக்கிறார்கள். நாங்கள் இருவரும் பார்ப்பது இரவில் இரண்டு மணி நேரம். எனவே இரண்டாவதற்கே முன்பணம் கொடுத்துவிட்டேன். மேற்கு ஜன்னலுக்குத் தடித்த திரைச்சீலையும் தைக்கக் கொடுத்திருக்கிறேன். நாளை மறுநாள் பெட்டி வருகிறது. வந்தவுடன் எதைச் சரிபார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

வண்ணச்சீர்:

நல்ல தேர்வு. அந்தச் சாம்பல் கறுப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். டிவிக்குப் பின்னால் சுவரில் விழும்படி நான் சொன்ன சிறு விளக்கை இரவுப் படத்துக்கும் எரிய விடுங்கள். சுவரில் மெல்லிய வெளிச்சம் இருக்கும்போது, அதே கறுப்பு கண்ணுக்கு ஆழமாகத் தோன்றும். 'ஷார்ப்னஸ்' அளவைக் கிட்டத்தட்ட அடியில் வையுங்கள். கூட்டினால் விவரம் கூடாது. எழுத்தையும் முகத்தையும் சுற்றி வெள்ளை விளிம்புதான் கூடும்.

கோவை மின்பணியாளர்:

பெட்டியை வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தால் இறக்கும் முன்பே காரணம் கேளுங்கள். பேனல் நின்ற நிலையில்தான் பயணிக்க வேண்டும். சுவரில் மாட்டுவதற்கு முன், மேசை மேல் வைத்து மின்சாரம் கொடுத்து, வெறும் சாம்பல் நிறப் படம் ஒன்றைப் பென்டிரைவில் போட்டுத் திரை முழுக்கக் காட்டுங்கள். அடுத்துக் கறுப்பு, பிறகு வெள்ளை. சாம்பலில் திட்டும் கோடும் தெரியும், கறுப்பில் மூலைகளின் ஒளிக்கசிவும் அணையாத புள்ளியும் தெரியும், வெள்ளையில் எரியாத புள்ளி தெரியும். மூலையில் இலேசான கசிவு எந்த எல்சிடியிலும் இருக்கும். நடுத்திரையில் கை அகலத் திட்டு இருந்தால் கைபேசியில் படம் எடுத்து, அன்றே கடைக்குத் தெரிவியுங்கள்.

திரையின் நடு, சோபாவில் உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்துக்கு வரும்படி மாட்டச் சொல்லுங்கள். மாட்ட வருபவர் வழக்கப்படி ஐந்தரை அடிக்கு ஏற்றிவிடுவார். அப்பாவுக்குக் கழுத்து வலிக்கும். மழைக்காலத்தில் இடி இடித்தால் மின்செருகியோடு, டிவியிலிருந்து ஹெச்டிஎம்ஐ வயரையும், பாக்ஸிலிருந்து கேபிள் வயரையும் கழற்றிவிடுங்கள். என்னிடம் வரும் மின்னல் பழுதுகளில் கேபிள் வழியாக வந்தவையே அதிகம். அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும், மாற்றித் தருவதற்கான கெடு முடியும்வரை பரணில் வைத்திருங்கள்.